நான்காம் நிமிடத்துக் குரல்

ஒருவர் ஓர் இடத்தில் இருக்கிறார் என்பதைத் தீர்மானிப்பது கண்ணா, காதா? மகாராணி இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டவர் அல்ல. ஆனால் அவருடைய பிழைப்பு அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. தீக்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் தொட்டு, இயர்பட்ஸின் ரப்பர் முனையை உள்ளும் புறமும் துடைக்கிறார். இடது முடிந்து வலது. பிறகு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார். முன்னால் நிற்கும் ஈரோட்டுக்காரருக்குப் பொறுமை இல்லை.

"படம் பாக்கத்தானங்க வந்தோம், காதுக்கு எதுக்குங்க இவ்வளவு?"

"கண்ணு வழிதான் காட்டும் சார். ஆளக் கூட்டிட்டுப் போறது காது. விளங்குதா?"

கொடைக்கானலில் கோக்கர்ஸ் வாக் நடைபாதையின் வாசலுக்கு வெளியே ஒரு மடக்கு மேசை, ஒரு குடை, கையால் எழுதிய பலகை: 'மூடுபனியா? பள்ளத்தாக்கு இங்கே தெரியும்.' பல நாட்களில் இது உண்மை. அறுநூறு கிலோமீட்டர் பயணம் செய்து வருபவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெறும் வெள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். மகாராணி அவர்கள் முகத்தில் வி.ஆர். கண்ணாடியை மாட்டுகிறார். தெளிவான ஒரு காலையில் வெள்ளகவி கிராமத்துக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் அவரே எடுத்த படம், ஏழு நிமிடம். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கத்து மலை தெரியும். கீழே குனிந்தால் ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பி தெரியும். அது கேமராக் கம்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நடக்கும் மகாராணி.

வயது நாற்பத்து நான்கு. அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். இவர் பிறந்தது இங்கே. அந்தத் தோட்டத்தை அவர் பார்த்ததில்லை. ஆனாலும் டீயைத் தேத்தண்ணி என்பார், வாக்கியத்தின் கடைசியில் ஒரு 'விளங்குதா' வைப்பார். இருபது வருடம் இதே வாசலில் பைனாகுலர் வாடகைக்கு விட்டவர். பனி இறங்கினால் அன்றைக்கு வேலை முடிந்தது. "பனியத் திட்டிக்கிட்டே எத்தன வருசம் உக்காந்திருக்கிறது? அதையே சோலியாக்கிட்டேன்" என்கிறார். இதைப் பெருமையாகச் சொல்வதில்லை. நேற்று மழை பெய்தது என்பதைப்போலச் சொல்கிறார்.

அவரை மேதை என்று சொல்லமாட்டேன். பிடிவாதக்காரர், எதிராளியைப் பாதி வாக்கியத்தில் நிறுத்துபவர். பொருள் வாங்கும்போது கடைக்காரர் சொல்லும் எதையும் நம்பாதவர். ஆனால் ஒரு ஜோடி இயர்பட்ஸைத் தேர்ந்தெடுக்க அவர் எடுத்துக்கொண்ட மூன்று மாதத்தில் நான் பார்த்த கவனத்தை, தத்துவம் பேசுகிற கூட்டங்களில் அதிகம் பார்த்ததில்லை.

தொடக்கத்தில் இருந்தது வயர் வைத்த பழைய இயர்போன். வாடிக்கையாளர் இரண்டு முறை சுற்றித் திரும்பினால் வயர் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும். வயரில்லாதது வேண்டும் என்று முடிவு செய்தார். முதலில் வாங்கியது சாதாரண புளூடூத் ஜோடி. படத்தின் தொடக்கத்தில் அவர் கேமரா முன் ஒருமுறை கை தட்டுவார். அதை வெட்டாமல் வைத்திருக்கிறார். புது ஜோடியில் உள்ளங்கைகள் சேர்ந்தன, பிரிந்தன, அதன் பிறகுதான் சத்தம் வந்தது. கழற்றி மேசையில் வைத்துவிட்டார். "கல்யாண வீட்டுல சோறு தின்னு முடிச்சப்புறம் தாலி கட்டுன மாதிரி இருக்கு."

இங்கே கோகுலைச் சொல்ல வேண்டும். நாயுடுபுரத்தில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்யும் கடை வைத்திருப்பவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். மகாராணியின் படத்தைச் செப்பனிடுவது அவர்தான். சத்தம் பிந்துகிறது என்றதும் அவர் உற்சாகமாகி, படத்தில் இன்னோர் இடத்தையும் சரிசெய்துவிட்டார். இரண்டாவது நிமிடத்தில், எதிர்ச் சரிவில் ஒருவர் விறகு பிளக்கிறார். கோடாலி விழுந்து ஒரு கணம் கழித்துத்தான் சத்தம் வரும். கோகுல் சத்தத்தை முன்னே இழுத்து, கோடாலி விழும் அதே நொடியில் பொருத்திவிட்டார். கல்யாண வீடியோவில் கெட்டிமேளத்தைத் தாலியோடு பொருத்திப் பழகிய கை.

மகாராணி அதை ஒரு தடவை போட்டுக் கேட்டார். "எதிர் மலை ஏன் பக்கத்துல வந்துருச்சு?"

"வரலையேக்கா, சிங்க் பண்ணியிருக்கேன்."

"பழையபடி வையி. தூரத்துல வெட்டுறது லேட்டாக் கேக்கும், அது நெசம். பக்கத்துல கை தட்டுறது லேட்டாக் கேட்டா அது பொய். ரெண்டும் ஒண்ணாப்பா?"

பிந்துவதிலேயே மெய்யும் பொய்யும் உண்டு என்பதை இவ்வளவு சுருக்கமாக நான் வாசித்ததில்லை.

அடுத்த ஜோடி கோகுல் யோசனை. கண்ணாடியின் சார்ஜ் துளையில் கட்டைவிரல் நகம் அளவு ஒரு டாங்கிளைச் செருகினால், அது புளூடூத்தை விட்டுவிட்டுத் தன் அலைவரிசையில் நேராகப் பேசும். கைத்தட்டல் சரியாக விழுந்தது. ஆனால் அந்த ஜோடி காதின் வாயிலில் சும்மா உட்காரும் வகை. கண்ணாடியின் பட்டையைத் தலைக்கு மேல் தூக்கும்போது ஒன்று தெறித்து, சரிவில் உருண்டு, பனிக்குள் போயிற்று. வாசலில் டீ விற்கும் சோலையம்மாள் இன்றுவரை விடவில்லை: "ஏத்தா மகாராணி, கீழ எதோ ஒரு காட்டெருமை ஒத்தக் காதுல படம் கேட்டுக்கிட்டுத் திரியுதாம்ல!"

மூன்றாவது, வெளிச்சத்தத்தை அடியோடு அடைக்கும் விலையுயர்ந்த ஜோடி. அன்று வந்தவர் ஒட்டன்சத்திரம் தக்காளி மண்டி சண்முகராஜ். மாட்டிய அரை நிமிடத்தில் தான் எங்கே நிற்கிறோம் என்பதை மறந்து, ஏலம் விடும் தொண்டையில், கூட வந்தவரைக் கூப்பிட்டுக் கத்தத் தொடங்கினார். "ஏலே வேல்ராசு! ரோடு தெரியுதுடா! லாரி ஒண்ணு போகுதுடா, தார்ப்பாயே கட்டாமப் போறான் பாருடா கிறுக்கன்!" சுற்றிலும் கூட்டம் சிரித்தது. படம் முடிந்து மகாராணி மூன்று முறை கூப்பிட்டும் அவருக்குக் கேட்கவில்லை. தோளைத் தொட்டதும் துள்ளி மேசையைச் சாய்த்துவிட்டார். எல்லோரும் அந்த ஜோடியைப் பாராட்டினார்கள். மகாராணி அதைத் திருப்பி அனுப்பினார். "மலையில நிக்கிறோம்னு நெனைக்கணும். ஆனா பக்கத்துல ஆளு இருக்குன்னும் உள்ளுக்குள்ள தெரியணும். அது போச்சுன்னா ஆபத்து."

காதைத் தொடாமல் வெளியே தொங்கும் வகையையும் பார்த்தார். துடைக்கும் வேலை மிச்சம். ஆனால் சுற்றி நிற்பவர்களின் "ஒண்ணுமே தெரியல, வீணா வந்தோம்" எல்லாம் உள்ளே புகுந்து பள்ளத்தாக்கைக் கெடுத்தது. இன்னொன்றில் தொட்டால் நிற்கும் வசதி. குரங்குத் தொப்பி போடாமல் கொடைக்கானலில் யார் இருக்கிறார்கள்? தொப்பி உரசிய ஒவ்வொரு தடவையும் படத்தின் காற்று நின்றது, பாதையில் போகும் குதிரையின் மணி நின்றது, மறுபடி வந்தது. "மலைக்கு விக்கல் எடுக்குது" என்று அதையும் ஒதுக்கினார்.

ஆறாவது ஜோடிதான் நின்றது. சின்னது, காதைவிட்டு வெளியே துருத்தாதது. மென்மையான ரப்பர், முழுக்க அடைக்காதது. தொட்டால் எதுவும் செய்யாதது. டாங்கிளுக்குப் பின்னாலேயே சார்ஜ் வயரையும் செருகலாம். குளிரில் சார்ஜ் வெரசா இறங்குகிறது என்று அதன் பெட்டியை மேசையில் வைப்பதில்லை. ஸ்வெட்டர் பையில், உடம்புச் சூட்டில் வைத்திருக்கிறார். தன் காதுக்கான சிறிய ரப்பர் முனைகள் தனியே ஒரு தீப்பெட்டிக்குள். பழனியில் மொட்டை போட்டுவிட்டு மறுநாள் மேலே வரும் குடும்பங்களுக்கு, லாட்ஜ்களில் கொடுக்கும் பிளாஸ்டிக் குளியல் தொப்பி. அதை மாட்டாமல் கண்ணாடியைத் தொடவிடமாட்டார். முதல் வாரம் ஒரு தகப்பனும் இரண்டு பிள்ளைகளும் தலைச் சந்தனத்தோடு மாட்டி, பட்டையிலிருந்து வழிந்து காது முனையின் வலையில் சந்தனம் காய்ந்து, மறுநாள் முழுக்க மலை ஊமையாக இருந்தது. முருகன்மேல் பழி போட முடியாது என்பதால் தன்னையே திட்டிக்கொண்டார்.

இத்தனை அவசரத்துக்கும் ஆராய்ச்சிக்கும் காரணம் உண்டு. கோடை விழாவையொட்டி, நடைபாதைக்கு உள்ளே, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரே ஒரு வி.ஆர். கடைக்கு இடம் தருவதாக விழாக் குழு அறிவித்திருந்தது. சீசன் முழுவதும் உள்ளே இருப்பவருக்குத்தான் கூட்டம். வாசலில் இருப்பவரைத் தாண்டிப் போய்விடுவார்கள். விண்ணப்பம் இரண்டு. ஒன்று மகாராணியுடையது. இன்னொன்று நாற்பது அடி தள்ளி மேசை போட்டிருக்கும் அருள்தாஸுடையது.

அருள்தாஸ் அவருடைய தம்பி.

இருவரும் சேர்ந்துதான் தொடங்கினார்கள், படமும் சேர்ந்துதான் எடுத்தார்கள். தம்பிக்கு டைனோசர் வேண்டும், ரோலர் கோஸ்டர் வேண்டும். அக்காவுக்கு மலை போதும். ஒரு நாள் காலையில் இரண்டு கண்ணாடிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு தம்பி நாற்பது அடி நடந்தார். பதினான்கு மாதமாகப் பேச்சில்லை. பேசுவதெல்லாம் வாடிக்கையாளர் வழியாகத்தான்.

"வாங்க வாங்க, டைனோசர் வெரட்டும்! பாக்காததத்தான் பாக்கணும், கண்ணு முன்னாடி கெடக்குற மலையக் காசு குடுத்து யாராச்சும் பாப்பாங்களா?" என்பார் அருள்தாஸ், வானத்தைப் பார்த்து.

"கத்தணும்னா அங்க போங்க, பாக்கணும்னா இங்க நில்லுங்க" என்பார் மகாராணி, பஞ்சைப் பார்த்து.

சோலையம்மாள் இரண்டு மேசைக்கும் டீ கொண்டுபோகிறார். "ரெண்டுக்கும் சீனி கம்மி. அந்த ஒண்ணுலதான் ஒத்துமை."

படத்தின் நான்காவது நிமிடம் ஆபத்தானது. ஒரு பாறை விளிம்பில், வெயிலை முதுகில் வாங்குவதற்காக மகாராணி பின்னோக்கி நடந்த இடம் அது. கண்ணாடி மாட்டியவர்களும் தங்களை அறியாமல் பின்னால் ஓர் அடி வைப்பார்கள். அதனால் அந்த நிமிடம் வரும்போது மகாராணி என்ன பேச்சில் இருந்தாலும் எழுந்து, அவர்கள் முதுகுக்கு ஒரு சாண் தள்ளி உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். தொடமாட்டார். கடிகாரமும் பார்ப்பதில்லை.

ஆறாவது ஜோடி வந்த மறுநாளிலிருந்து, அந்தக் கைக்கு வேலை இல்லாமல் போயிற்று. நான்காவது நிமிடத்தில் எல்லோரும் அப்படியே நின்றார்கள். நின்று, வலப்பக்கம் தலையைத் திருப்பினார்கள். "யாரு கூப்பிட்டா?" என்றார்கள். கரூரிலிருந்து வந்த புதுப்பெண் ஒருத்தி வீல் என்று கத்திக் கண்ணாடியைப் பிடுங்கிவிட்டாள்.

அன்று சாயங்காலம் மகாராணி தீப்பெட்டியைத் திறந்து, தன் முனைகளைப் பொருத்தி, கோகுலை அருகில் வைத்துக்கொண்டு முழுப் படத்தையும் கேட்டார். காற்று. குதிரை மணி. கோடாலி. நான்காவது நிமிடத்தில், காற்றுக்கு அடியில், வலது காதுக்குச் சற்றுப் பின்னால், பதறாத தணிந்த குரல்: "அக்கா, நில்லு. பின்னால பள்ளம்." சத்தம் போட்டால் திடுக்கிட்டு விழுந்துவிடுவார் என்று தணிந்தே சொல்லப்பட்ட குரல். படத்தில் விழாமலிருக்கப் பாறைக்குப் பின்னால் பதுங்கியிருந்த அருள்தாஸ். பழைய இயர்போனிலும் நடுவில் வந்துபோன ஜோடிகளிலும் இது யார் காதிலும் விழுந்ததில்லை.

கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் முனையைத் துடைத்துக்கொண்டிருந்தாராம்.

"எடுத்துரு."

"காத்தோட ஒட்டிக்கெடக்குக்கா. பிடுங்குனா காத்தும் கொஞ்சம் போகும்."

"முடியுமா, முடியாதா?"

"முடியும்."

"அப்ப எடு."

கோகுல் இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட்டார், காற்றுக்குச் சேதம் இல்லாமல். கண்ணாடியில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்றுக்கு 'பழசு' என்றும் மற்றதற்கு 'சுத்தம்' என்றும் பெயர் வைத்தார். பத்து நாள் சுத்தம்தான் ஓடியது. மகாராணியின் உள்ளங்கை மறுபடி எழுந்து ஒரு சாண் தள்ளி நின்றது.

விழாக் குழுவின் சார்பில் பார்க்க வந்தவர் சுசித்ரா. முப்பது வயதிருக்கும், கையில் கோப்பு, கழுத்தில் அடையாள அட்டை. அன்று பனி நல்ல கனம். நாற்பது அடி தள்ளியிருந்த டைனோசர் பலகைகூடத் தெரியவில்லை. "சுத்தத்தப் போடுங்கக்கா" என்று கோகுல் காதோடு சொன்னார். மகாராணி தலையசைத்தார். முனைகளைத் துடைத்தார், சுசித்ராவின் ஜிமிக்கியைக் கழற்றச் சொன்னார், இயர்பட்ஸைச் செருகி லேசாகத் திருகிவிட்டார். கண்ணாடியில் படங்களின் பெயர் வந்தது. அவர் தேர்ந்தெடுத்தது பழசை.

கைத்தட்டலுக்குச் சுசித்ரா சிரித்தார். கோடாலியைத் தேடி எதிர் மலைப் பக்கம் சரியாகத் திரும்பினார். நான்காவது நிமிடத்தில் குதிகால் பின்னால் நகர்ந்தது. பாதி வழியில் நின்றது. தலை வலப்பக்கம் திரும்பியது.

முடிந்ததும் அவர் சொன்னார்: "ரொம்ப நல்லாருக்குங்க. நெசமாவே அங்க நிக்கிற ஃபீல். அந்த வாய்ஸ் மட்டும் டிஸ்டர்ப் பண்ணுது. அத ரிமூவ் பண்ணிட்டீங்கன்னா இடம் உங்களுக்குன்னே எழுதிரலாம்."

"அது வராது மேடம்."

"வராதுன்னா?"

"காத்தோட ஒட்டிக்கெடக்கு. பிடுங்குனா காத்தும் போயிரும்."

கோகுல் தன் செருப்பை ஆராயத் தொடங்கினார்.

"டெக்னிக்கலா முடியாதா?"

"முடியாதுங்க மேடம்." தயக்கமே இல்லை. கைத்தட்டலையும் கோடாலியையும் பிரித்துச் சொன்ன அதே குரல்.

"அப்ப யோசிச்சுத்தான் சொல்லணும்" என்று சுசித்ரா கோப்பை மூடிக்கொண்டு, பனிக்குள் நாற்பது அடி நடந்துபோனார். சிறிது நேரத்தில் அங்கிருந்து டைனோசரின் உறுமலும் அருள்தாஸின் விளக்கமும் கேட்டன. மகாராணி முனைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சோலையம்மாளுக்குத்தான் தாங்கவில்லை. "ஒரு வார்த்த சரின்னு சொன்னா வாய் கோணிக்குமா? வருசம் பூரா இங்கனயே வெளிய நின்னு பனியக் குடி!"

"சோலையக்கா, தேத்தண்ணி ஆறுது."

நான்கு நாள் கழித்து உத்தரவு வந்தது. இடம் மகாராணிக்கு. ஒரு நிபந்தனை: குரலைப் பற்றி முன்கூட்டியே அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். அருள்தாஸ் வாசலிலேயே இருக்கிறார், டைனோசரோடு. இருவரும் இன்னும் பேசுவதில்லை. இனி உள்ளேயும் வெளியேயும் என்று ஆகிவிட்டதால் வாடிக்கையாளர் வழியாகப் பேசுவதும் நின்றுவிட்டது. அந்தப் படத்தில் தன் குரல் இருப்பது அருள்தாஸுக்குத் தெரியுமா என்பது எனக்குத் தெரியாது. உத்தரவு வந்த அன்றே 'சுத்தம்' கண்ணாடியிலிருந்து காணாமல் போனதாகக் கோகுல் சொல்கிறார். ஏன் என்று அவர் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். "அந்த ரப்பரு தேஞ்சுருச்சு, வேற வாங்கணும்" என்று பதில் வந்தது.

உள்ளே போன முதல் பனி நாள். புதுப் பலகையில் மகாராணியின் கையெழுத்து: 'பின்னால் ஒரு குரல் கேட்கும். கேட்டால் நிற்கவும்.' தாராபுரத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், குளியல் தொப்பி அணிந்த மொட்டைத் தலையோடு கண்ணாடிக்குள் இருந்தார். அவர் மகளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்த மகாராணி, பேச்சைப் பாதியில் விட்டு, வழக்கம்போல் பின்னால் வந்து நின்றார். கை உயர்ந்தது. பெரியவரின் குதிகால் பின்னால் நகர்ந்து, நின்றது. மகாராணி கையை இறக்கி, சூடான பெட்டி இருந்த ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டார்.